நம் முகம், நம் வெளிச்சம்

(லட்ச ரூபாய் போனை அன்றாடக் கேமராவாக மதிப்பிடுவது எப்படி? உலகப் புகைப்பட நாளையொட்டி புதுச்சேரி மீனவ ஊரான நல்லவாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1839-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, தாகேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையைப் பிரெஞ்சு அரசு பாரிஸில் உலகுக்கு வெளியிட்டது. அந்த நாளைத்தான் நாம் உலகப் புகைப்பட நாள் என்கிறோம். அன்றைக்குப் புதுச்சேரியும் அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் முகம் பதிய வேண்டுமென்றால், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் முன்னால் அசையாமல் நெடுநேரம் உட்கார வேண்டும். அதற்கு வசதியும் வேண்டும், ஓய்வும் வேண்டும். கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டும் கிடையாது. இன்று இந்த ஊரில் கேமரா இல்லாத வீடே இல்லை என்று சொல்லலாம். எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது.

இளைஞர்களைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஃபிளாக்‌ஷிப் போன் வாங்கினா கேமராவே வேணாமாமே, நிஜமா? லட்ச ரூபா குடுக்கலாமா?" இந்தக் கேள்விக்கு இன்று முழுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இதை விளையாட்டுக் கேள்வியாக நான் நினைக்கவில்லை. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது விலை ரூ.1,29,999. அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்த ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் ரூ.1,59,900. ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அந்தப் பணத்தில் இருக்கிறது. அதனால் பதிலும் பொறுப்போடு வர வேண்டும்.

ஒரு கருவியை எப்படி அளப்பது என்பதை நல்லவாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. பின்னர் அப்படியொரு மையம் இந்த ஊரிலும் வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த இந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். அன்று அந்த ஒலிபெருக்கி எத்தனை வாட் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், வேண்டியவர் காதில் விழுந்ததா என்பதுதான் கணக்கு. போன் கேமராவையும் நான் அப்படித்தான் அளக்கச் சொல்கிறேன். நம் மக்களின் முகத்தை, நம் வீட்டு வெளிச்சத்தில், நம் கரை வெயிலில் அது எப்படிப் பதிக்கிறது என்று பாருங்கள். மற்ற எண்களெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மெகாபிக்சல் கணக்கு

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கேமரா வைத்த போனை விற்றபோது அதில் ஏறத்தாழ 1.1 லட்சம் பிக்சல்தான். 2012-இல் நோக்கியா 808 போனில் 4.1 கோடி பிக்சல். 2023-இல் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 20 கோடி, அதாவது 200 மெகாபிக்சல். விளம்பரம் முழுக்க இந்த எண்தான்.

ஆனால் அந்த 200 மெகாபிக்சல் போனில் சாதாரணமாகப் படமெடுத்தால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் 16-ஐ ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. அது ஏமாற்று இல்லை. ஒவ்வொரு பிக்சலும் 0.6 மைக்ரான் அகலம்தான். அவ்வளவு சிறிய பிக்சல் தனியாக நின்றால் அதில் விழும் வெளிச்சம் போதாது. பதினாறைச் சேர்த்தால்தான் தாக்குப்பிடிக்கும். நமக்கும் 12 மெகாபிக்சல் தாராளம். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சிட ஒன்பது மெகாபிக்சலுக்குக் குறைவாகவே போதும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு 200 தேவையே இல்லை.

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பளவு. வெளிச்சம் வந்து விழுகிற அந்தச் சில்லு எவ்வளவு பெரிது என்பதுதான் விஷயம். கல்யாணத்துக்கு வருகிற போட்டோகிராஃபர் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். எஸ்23 அல்ட்ராவின் மெயின் சென்சார் ஏறக்குறைய 10-க்கு 7 மில்லிமீட்டர். பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஷாவ்மி 13 அல்ட்ரா, விவோ எக்ஸ்100 ப்ரோ போன்றவற்றில் "ஒரு இஞ்ச்" சென்சார் என்று வருகிறது. அதன் உண்மை அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். அதுவும் ஃபுல் ஃபிரேமில் ஏழில் ஒரு பங்குதான்.

இந்தக் குறையைப் போன் எப்படிச் சமாளிக்கிறது? நீங்கள் பட்டனை ஒருமுறை அழுத்துகிறீர்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்க்கிறது. இருட்டில் எடுக்கும் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியுமே, அது படத்துக்குப் படம் இடம் மாறும். ஒன்பது படத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தப் புள்ளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 2018-இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் நைட் சைட் என்ற வசதியைக் கொடுத்தபோது, இருட்டில் போன் இவ்வளவு எடுக்குமா என்று உலகமே வியந்தது. அதன் அடிப்படை இந்தச் சேர்க்கைதான். இன்று எல்லா ஃபிளாக்‌ஷிப் போனும் இதைச் செய்கிறது. லட்ச ரூபாயில் ஒரு பங்கு லென்ஸுக்கும் சென்சாருக்கும் போகிறது என்றால், இன்னொரு பங்கு இந்தக் கணக்கை நொடியில் போடும் சில்லுக்குப் போகிறது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுக்கப்படும் பொருள் அசையாமல் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனின் பலம், பலவீனம் இரண்டும் இங்கேதான் பிறக்கின்றன.

காலைக் கரையில்

இனி நம் கரைக்கு வருவோம். இது கிழக்குப் பார்த்த கடற்கரை. விடியற்காலையில் படகு கரை திரும்பும்போது சூரியன் படகுக்குப் பின்னால் நிற்கிறது. மீனை இறக்கி ஏலம் போடுகிற நேரத்தில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒவ்வொருவர் முகமும் நிழலில் இருக்கிறது. பின்னால் வானமும் தண்ணீரும் தகதகக்கின்றன. கீழே மத்தியும் கவளையும் வெள்ளிபோல் மின்னுகின்றன. கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது. அதைத்தான் இந்த ஊர் தினமும் வைக்கிறது.

ஏலத்தில் நிற்கும் ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகத்தில் மஞ்சள் பூசியிருக்கிறார். நெற்றியில் குங்குமம். வெயிலில் கறுத்த கன்னத்தில் வியர்வை மினுக்குகிறது. மூக்குத்தி ஒரு பக்கம் பளிச்சிடுகிறது. கை உயர்ந்து விலை சொல்கிறது. பழைய போனில் எடுத்தால் வானம் நன்றாக வரும், முகம் கரிக்கட்டையாகிவிடும். இன்றைய ஃபிளாக்‌ஷிப் போனில் முகம் தெரியும், வானமும் தெரியும். ஒரே நொடியில் கூடுதல் வெளிச்சத்தில் சில படம், குறைந்த வெளிச்சத்தில் சில படம் என எடுத்து, முகத்தை ஒன்றிலிருந்தும் வானத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கோக்கிறது. இது பெரிய சாதனை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். நிழலில் இருக்கும் முகத்தைப் போன் தூக்கிக் காட்டும்போது பல நேரம் கறுப்பு நிறத்தின் செழுமை போய்விடுகிறது. சாம்பல் பூசியதுபோல முகம் வெளிறுகிறது. கன்னத்து மினுமினுப்பு காணாமல் போகிறது. மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்ததும், விளக்கு வெளிச்சத்தில்தான் மஞ்சள் கலந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, அந்த மஞ்சளையே கழுவித் துடைத்துவிடும் போனும் உண்டு. படத்தில் இருப்பவர் நம் அம்மாவைப் போலவே இருப்பார். ஆனால் நம் அம்மாவின் நிறம் அதில் இருக்காது.

இது தற்செயலாக வந்த குறை என்று விட்டுவிட முடியாது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிலிம் காலத்தில், கலர் சரியாக இருக்கிறதா என்று அச்சிடும் கூடங்களில் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை கொடுத்தது. 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். பல பத்தாண்டுகள் அந்தத் தோல் நிறமே உலகத்துக்கு அளவுகோலாக இருந்தது. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் அந்தச் சாய்வு எளிதில் போகவில்லை. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கறுப்பு, மாநிற முகங்களை உள்ளது உள்ளபடி காட்டுவதற்கென்றே 'ரியல் டோன்' என்று ஒரு முயற்சியை அறிவித்தது. அதுவரை அது சரியாக நடக்கவில்லை என்று தொழிலே ஒப்புக்கொண்டது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம், முகத்தை வெளுப்பாக்கும், தோலை வழவழப்பாக்கும் அழகூட்டல் வசதி. பல போன்களில் முன்பக்கக் கேமராவில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். 2020-இல் கூகுள் தன் புதிய போன்களில் அதை இயல்பாக அணைத்தே கொடுப்பதாக அறிவித்தது. மற்ற போன்களில் நாமே தேடி அணைக்க வேண்டும். தங்கைகளே, உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். போன் வாங்கிய அன்றே செட்டிங்ஸைத் திறந்து அந்த அழகூட்டலைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். கடற்காற்றும் வெயிலும் தந்த நிறத்தை ஒரு மென்பொருள் குறையென்று முடிவுசெய்து திருத்த நாம் அனுமதிக்கக் கூடாது. பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை பார்க்கப்போகும் படத்தில் நீங்கள் நீங்களாக இருக்க வேண்டும்.

காலைக் கரையில் படமெடுக்க எளிய வழி சொல்கிறேன். திரையில் முகத்தைத் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கறுப்பு கறுப்பாக இறங்கும், கன்னத்து ஒளி திரும்பி வரும். முடிந்தால் நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று, கரைப் பக்கம் பார்த்து எடுங்கள். காலை வெயில் முகத்தில் விழும். கடல் பின்னணிதான் வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். அப்போது மேற்கு வெயில் தென்னை மர இடுக்கு வழியாகக் கடலைப் பார்த்து விழும். கடலுக்கு முன்னால் நிற்பவர் முகம் பொன்போல் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் போன்கூட நல்ல படம் கொடுக்கும்.

இரவு வீட்டில்

இரண்டாவது பரீட்சை வீட்டுக்குள். ஒரே ஒரு டியூப்லைட். பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பேரன் குறுக்கே ஓடுகிறான். நம் வாழ்க்கையில் பாதிப் படம் இப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான் எடுக்கப்படுகிறது.

பாட்டியின் முகத்தில் ஃபிளாக்‌ஷிப் போன் தன் விலைக்கான நியாயத்தைக் காட்டும். பெரிய சென்சார் இருப்பதால் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். விலை குறைந்த போனில் புள்ளியை அழிக்கிறேன் என்று சுருக்கத்தையும் சேர்த்து அழித்துவிடும். ஈரத்தில் கலைந்த ஓவியம் போல முகம் வழவழவென்று வரும். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கண் இமையையும் காதோரத்து நரைமுடியையும் பாருங்கள். முடி முடியாகத் தெரிந்தால் கேமரா நல்லது. பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருந்தால் வெறும் மென்பொருள் பூச்சு.

பேரன் விஷயம் வேறு. வீட்டு வெளிச்சத்தில் போன் தன் ஷட்டரை வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமாவது திறந்து வைக்க வேண்டியிருக்கும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆடுகிற குழந்தையின் கை அந்த நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கை கலங்கித்தான் வரும். பல படத்தைச் சேர்க்கும் வித்தையும் இங்கே கைகொடுக்காது. ஒவ்வொரு படத்திலும் பையன் வேறு வேறு இடத்தில் இருக்கிறானே. இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை, வெளிச்சத்தின் கணக்கு. லட்ச ரூபாய் போனிலும் இது முழுதாகத் தீரவில்லை. ஆனால் பையனை வாசற்படிக்குக் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் எடுத்தால் எந்தப் போனிலும் தீர்ந்துவிடும்.

வீட்டுக்குள் இன்னொன்றும் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விளக்கை மாற்றிப் பாருங்கள்.

முகத்தை அருகில் எடுக்க 1எக்ஸ் வேண்டாம். மெயின் லென்ஸ் அகலமானது. மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் அல்லது 3எக்ஸில் எடுங்கள். குழுவாக எடுக்கும்போது 0.5எக்ஸில் ஓரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள், உடம்பு இழுபட்டுத் தெரியும். கடையில் போனைச் சோதிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். 3எக்ஸை அழுத்திவிட்டு ஜூம் லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அந்த லென்ஸ் வேலை செய்கிறது. இருளாவிட்டால், வெளிச்சம் போதவில்லை என்று போன் மெயின் கேமரா படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மூன்று லென்ஸுக்குக் காசு கொடுக்கிறோம்; எந்த நேரத்தில் எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

தூரமும் உண்மையும்

பாகூர் ஏரிக்கும் ஊசுட்டேரிக்கும் பறவை பார்க்கப் போகிற தம்பிகள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் 5எக்ஸ் லென்ஸ் இருக்கிறது; கேமராக்காரர் கணக்கில் அது 120 மில்லிமீட்டர். ஏரி நடுவில் நிற்கும் நாரையை எடுக்க 400, 600 மில்லிமீட்டர் வேண்டும். மீதித் தூரத்தை 30எக்ஸ், 100எக்ஸ் என்று போன் தாண்டுவது, சின்னப் படத்தை வெட்டிப் பெரிதாக்கியும், இறகு இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைந்தும்தான்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023 மார்ச்சில் ஒரு சோதனை பேசப்பட்டது. ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, எஸ்23 அல்ட்ராவில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போனில் வந்த படத்தில் தெரிந்தன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரங்களை மேம்படுத்துகிறோம் என்று சாம்சங் விளக்கம் கொடுத்தது. 2025-இல் வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ, தொலைதூர ஜூமில் விவரத்தை உருவாக்க ஜெனரேட்டிவ் ஏஐ பயன்படுத்துவதாகவே அறிவித்து வந்தது.

நிலாவை அழகாக வரைந்து கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று சிலர் சொல்லலாம். கடற்கரை ஊருக்கு நட்டம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. உடைந்த படகையும் கிழிந்த வலையையும் சரிந்த சுவரையும் காட்ட நம்மிடம் இருப்பது போன் படம்தான். அந்தப் படம் சாட்சி. சாட்சிக்கு ஊகம் ஆகாது. அதனால் சேதத்தைப் படமெடுக்கும்போது ஜூம் செய்யாமல் அருகில் போய் 1எக்ஸில் எடுங்கள். முதலில் முழுப் படகையும் சுற்றுப்புறத்தோடு ஒன்று, பிறகு பதிவு எண் தெரிய ஒன்று, அதன்பின் உடைந்த இடம். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். நாளும் நேரமும் இடமும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். போனிலும் அந்த மூலத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

உப்புக் காற்றும் தண்ணீரும்

"தண்ணீர் புகாது, ஐபி68" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிப் போனைக் கடலில் இறக்குகிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுவது. கடல் நீருக்கு அந்த உறுதி கிடையாது. கடற்கரையில் பயன்படுத்துவது உகந்ததல்ல என்று நிறுவனங்களே சிறிய எழுத்தில் எழுதுகின்றன. தண்ணீரால் கெட்டால் வாரன்டியும் பெரும்பாலும் கிடைக்காது. படகில் போகும்போது போன் உறைக்குள் இருக்கட்டும்.

அதைவிட அன்றாடத் தொல்லை உப்புத் திவலை. லென்ஸ்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். மீன் எண்ணெய்க் கை பட்டால் சொல்லவே வேண்டாம். இரவில் விளக்கைச் சுற்றிப் புகைபோல் பரவித் தெரிவதற்கும், முகம் மங்கலாக வருவதற்கும் பாதிக் காரணம் அதுதான். உப்பைக் காய்ந்தபடி அழுத்தித் தேய்த்தால் கீறல் விழலாம். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். இந்த ஒரு பழக்கம், அடுத்த மாடலுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகப் பலன் தரும்.

படம் தங்க வேண்டும்

எடுத்த படம் நாளை இருக்குமா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். புதுச்சேரியிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களின் படங்களை லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கினார்கள். நம் தாத்தா பாட்டிகள் ஸ்டுடியோ திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நின்ற படங்கள் இன்று ஆய்வுச் செல்வம். கண்ணாடித் தகட்டிலும் தாளிலும் இருந்ததால்தான் அவை இத்தனை காலம் தாண்டி நம் கைக்கு வந்தன.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, சேற்றில் புதைந்த குடும்ப ஆல்பங்களைத் தன்னார்வலர்கள் எடுத்துக் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஃபியூஜிஃபிலிம் நிறுவனமே அதற்கு முன்வந்து உதவியது. தாளில் இருந்த படத்தைக் கழுவ முடிந்தது. பூட்டு எண் தெரியாத போனுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களை யார் எப்படிக் கழுவுவது? 2004-இல் வீட்டையும் அதனோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் இந்தக் கரை நெடுகிலும் உண்டு. அதனால் சொல்கிறேன்: வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ மாசிமகத்துக்கோ, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்த ஆண்டின் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கலாமா?

இப்போது கேள்விக்கு நேரே வருகிறேன். அன்றாடப் படத்துக்கு ஃபிளாக்‌ஷிப் போன் உண்மையிலேயே முதல் தரக் கேமராதான். எதிர் வெளிச்சத்தில் நிற்கும் முகம், மங்கிய அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர், மாலைக் கடற்கரை, திருவிழாக் கூட்டம் ஆகிய எல்லாவற்றிலும் மலிவான போனுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இருட்டில் ஓடும் குழந்தையும் தூரத்துப் பறவையும் அதன் எல்லைக்கு வெளியே. பறவைதான் உங்கள் ஆசை என்றால், அதே லட்சத்துக்குள் இதைவிட நாலைந்து மடங்கு பெரிய சென்சாருடைய மிரர்லெஸ் கேமரா லென்ஸோடு கிடைக்கிறது. அந்த வழிக்குப் போங்கள், நீண்ட லென்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படம்தான் பிழைப்பு என்பவர், மீன் வியாபாரத்தை வீடியோவில் காட்டி விற்பவர், ஒரே போனை ஐந்தாறு வருடம் வைத்திருக்கப்போகிறவர் தாராளமாக வாங்கலாம். எஸ்24, பிக்சல் 8 தொடங்கி ஏழு ஆண்டுகள் மென்பொருள் தருவதாக அந்த நிறுவனங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கட்டாயம் போய்விட்டது. மற்றவர்களுக்கு முந்தைய ஆண்டின் ஃபிளாக்‌ஷிப் போனே போதும். விலை இறங்கியிருக்கும், படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வட்டிக்குக் கடன் வாங்கி மட்டும் எந்தப் போனும் வேண்டாம். அந்தக் கடனின் கவலை வீட்டில் எல்லார் முகத்திலும் படியும். அதை எந்த லென்ஸாலும் துடைக்க முடியாது.

கடைக்குப் போகும்போது உங்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். கடை வாசலில், வெயிலுக்கு முதுகு காட்டி அவர்களை நிறுத்தி ஒரு படம். உள்ளே விளக்கு மங்கிய மூலையில் ஒரு படம். கையை ஆட்டச் சொல்லி ஒரு படம். கடைக்காரர் காட்டும் பூந்தோட்டப் படத்தையும் மலைப் படத்தையும் பார்க்க வேண்டாம். நீங்கள் எடுத்த படங்களில் அவர்கள் நிறம் அவர்கள் நிறமாக இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த போனை எடுத்துப் பாருங்கள், காசு நம்முடையது.

எந்தப் போனாக இருந்தாலும் சரி, நாளைக் காலையே இந்த ஊரின் வேலையைப் பதிவுசெய்யத் தொடங்குங்கள். வலை பின்னும் விரல், ஏலம் கூறும் அம்மா, ஐஸ் பெட்டி தூக்கும் அண்ணன், கரையேறும் படகு, கூடை சுமந்து தவளக்குப்பம் பக்கம் நடக்கும் அக்கா. ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு எடுங்கள், எடுத்த படத்தை அவர்களுக்கும் கொடுங்கள், பெயரை எழுதி ஊர்ப் பொதுவில் சேர்த்து வையுங்கள். நல்லவாட்டின் வரலாற்றை நல்லவாடே எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கருவி உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கிறது.